வெட்டு ஒன்று, துண்டு இரண்டு: ஆங்கிலத்தில் நேராகப் பேசுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை மாலைகளில் சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி ஆங்கிலத்தில் பேசிப் பழகுகிறோம். எல்லாரும் தமிழர்கள். ஊரிலிருந்து வேலைக்கு வந்த பொறியாளர் உண்டு, இங்கேயே பிறந்து வளர்ந்த தாதி உண்டு, டாக்சி ஓட்டி ஓய்வு பெற்ற ஐயா ஒருவரும் உண்டு. நான் ஆசிரியர் இல்லை. காப்புறுதித் துறையில் இருபது வருடமாகக் கடிதம் எழுதிக் காலம் தள்ளுகிறவள். ‘மனதில் இருப்பதை நேராகச் சொல்வது எப்படி’ என்று ஒரு வாரம் பேச ஆரம்பித்தோம், அது மூன்று வாரம் இழுத்துவிட்டது. அப்போது வந்த கேள்விகள்தான் இவை. ஆங்கிலத் தொடர்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க அதுதான் வசதி.

‘பிளண்ட்’ என்றால் மழுங்கியது என்று படித்தேன். வெட்டிப் பேசுகிறவரை ஏன் மழுங்கியவர் என்கிறார்கள்?

நல்ல கேள்வி. எனக்கே இது உறைக்கப் பல வருடம் ஆயிற்று.

தமிழில் நேராகப் பேசுகிறவர் கையில் கூரான அரிவாள் இருக்கிறது. வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. நறுக்கென்று சொன்னார், வெடுக்கென்று கேட்டார் என்கிறோம். கூர் போய்விட்டால் நமக்கு அது மழுங்கல். பேச்சில் கூர் போனால் மழுப்பல்.

ஆங்கிலத்தில் கதை தலைகீழ். அங்கே கூர் சீவுவது நயம், நாசூக்கு. சீவாமல் கட்டையை அப்படியே நீட்டினால் அது ‘பிளண்ட்’. ‘நாட் டு புட் டூ ஃபைன் எ பாயிண்ட் ஆன் இட்’ என்று ஒரு தொடர் உண்டு. ‘ரொம்பக் கூர் சீவாமல் சொல்கிறேன்’ என்பதுதான் அதன் பொருள். அதைக் கேட்டதும் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள், அடுத்து வருவது இனிப்பாக இருக்காது.

‘நாட் மின்ஸ் வேர்ட்ஸ்’ என்பதும் இதே குடும்பம். ‘மின்ஸ்’ என்றால் கொத்துவது. தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சியைக் கொத்துக்கறியாகக் கேட்டு வாங்குகிறோமே, அதேதான். கொத்திய கறி பல் இல்லாதவருக்கும் எளிதாக இறங்கும். சொற்களைக் கொத்தாமல் எலும்போடு தட்டில் வைக்கிறவரைப் பற்றி ‘ஹீ டஸின்ட் மின்ஸ் ஹிஸ் வேர்ட்ஸ்’ என்பார்கள். ஆக, நாம் மெச்சுவது ஒரே வெட்டு. அவர்கள் மெச்சுவது வெட்டாத துண்டு. இந்தத் தொடர் பெரும்பாலும் எதிர்மறையில்தான் வரும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் சொற்களைக் கொத்தினார் என்று யாரும் சொல்லிக் கேட்பது அரிது.

இன்னொன்று. ‘வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுவார்’ என்பதில் நமக்கு ஒரு மெச்சுதல் இருக்கிறது. ‘பிளண்ட்’ என்பதில் பாதி குறை இருக்கிறது. ஆண்டு இறுதி மதிப்பீட்டில் உங்களைப் பற்றி மேலாளர் ‘டைரெக்ட்’ என்று எழுதியிருந்தால் சந்தோஷப்படலாம். ‘பிளண்ட்’ என்று எழுதியிருந்தால் யாரோ புகார் செய்திருக்கிறார்கள்.

‘கால் எ ஸ்பேட் எ ஸ்பேட்’ என்பதில் வரும் ஸ்பேட், சீட்டாட்ட இஸ்பேட்டா?

இல்லை, ஆனால் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். இது மண் தோண்டும் கருவி. சீட்டில் வரும் ஸ்பேட், வாள் என்ற பொருளுடைய இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. ஒலி ஒன்றானாலும் வந்த வழி வேறு.

தோண்டும் கருவி இந்தத் தொடருக்குள் நுழைந்ததே ஒரு மொழிபெயர்ப்புக் குளறுபடியால்தான். பழைய கிரேக்கத்தில் ‘அத்திப்பழத்தை அத்திப்பழம் என்பான், தொட்டியைத் தொட்டி என்பான்’ என்ற வழக்கு இருந்தது. பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். ஒலிந்தஸ் என்ற நகரைக் காட்டிக்கொடுத்து மாசிடோனிய அரசர் பிலிப்பின் பக்கம் சேர்ந்த சிலர் அவரிடமே போய், ‘உங்கள் ஆட்கள் எங்களைத் துரோகி என்கிறார்கள்’ என்று முறையிட்டார்கள். பிலிப், அலெக்சாண்டரின் தந்தை, சொன்ன பதில்: ‘எங்கள் மாசிடோனியர்கள் பட்டிக்காட்டு ஆட்கள். தொட்டியைத் தொட்டி என்றுதான் சொல்லத் தெரியும்.’ வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பது இதுதான். ஆட்களைக் கண்டிப்பதுபோல் பேசி, வந்தவர்களைத் துரோகி என்று தானும் சொல்லிவிட்டார்.

16ஆம் நூற்றாண்டில் டச்சு அறிஞர் எராஸ்மஸ் இதை லத்தீனில் தந்தபோது, கிரேக்கத் ‘தொட்டி’ தோண்டும் கருவியாக மாறிவிட்டது. கிரேக்கத்தில் இரண்டுக்கும் சொற்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். 1542இல் நிக்கலஸ் யூடால் எராஸ்மஸை ஆங்கிலமாக்கும்போது ‘ஸ்பேட்’ என்று போட்டார், அது நிலைத்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், எராஸ்மஸ் பயன்படுத்திய லத்தீன் சொல் நம் ஊர் மண்வெட்டிக்குத்தான் நெருக்கமானது, நின்றபடி காலால் அழுத்தித் தோண்டும் ஆங்கில ஸ்பேடுக்கு அல்ல. உள்ளதை உள்ளபடி சொல்வதற்கென்று இருக்கும் தொடர், இரண்டு முறை பொருள் மாறி வந்து சேர்ந்திருக்கிறது!

அதைச் சொல்லக்கூடாது, இனவாதம் என்று என் அமெரிக்க சகா முகம் சுளித்தார். உண்மையா?

தொடருக்கு இனத்தோடு தொடர்பில்லை, நாம் பார்த்ததுபோல் அது மிகப் பழையது. ஆனால் 1920களில் அமெரிக்காவில் ‘ஸ்பேட்’ கறுப்பின மக்களை இழிவாகக் குறிக்கும் கொச்சைச் சொல்லாகிவிட்டது. சீட்டில் இஸ்பேட் கறுப்பு என்பதால் வந்த வழக்கு அது. அதனால் அங்கே பலர் இந்தத் தொடரையே தவிர்க்கிறார்கள். பிரிட்டிஷ்காரரிடம் சொன்னால் ஒன்றும் ஆகாது.

என் கருத்து: நாலு இனத்தார் ஒரே மேசையில் உட்காரும் சிங்கப்பூர் அலுவலகத்தில், ஒருவருடைய நிறத்தைச் சுட்டுவதாக ஒரு நொடி தோன்றினாலும் போதும், நீங்கள் சொல்லவந்த விஷயம் காணாமல் போய்விடும். எட்டு நூறு மாற்றுச் சொற்கள் இருக்கும்போது அதைப் பிடித்துத் தொங்க வேண்டாம். ‘லெட் மீ பி டைரெக்ட்’ போதும். வாசிக்கும்போது கண்ணில் பட்டால் புரிந்துகொள்ளுங்கள்.

‘டோன்ட் பீட் அரவுண்ட் த புஷ்’ என்பதை மேலதிகாரியிடம் சொல்லலாமா?

வேண்டவே வேண்டாம். நான் சொல்லிக் கெட்டவள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். வெளிநாட்டு மேலாளர் ஒருவர் நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதியிருந்தார். என்ன செய்யச் சொல்கிறார் என்றே புரியவில்லை. பள்ளியில் மனப்பாடம் செய்த தொடரைப் பயன்படுத்தச் சமயம் கிடைத்ததே என்று, ‘தயவுசெய்து புதரைச் சுற்றி அடிக்காதீர்கள்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் பதில் போட்டேன். முன்னால் ‘ப்ளீஸ்’ வேறு. அதுதான் இன்னும் மோசம். அவர் என்னைக் கூப்பிட்டு, கோபப்படாமல், ‘நான் எதை மறைக்கிறேன் என்று நினைக்கிறாய்?’ என்று கேட்டார்.

அப்போதுதான் புரிந்தது. ‘சுற்றி வளைக்காதே’ என்பதில் வெறும் நீளம் பற்றிய குறை இல்லை. ‘நீ எதையோ சொல்லத் தயங்குகிறாய், மழுப்புகிறாய்’ என்ற குற்றச்சாட்டு இருக்கிறது. மேலும் அது கட்டளை. சமமானவர்களுக்குள், அதுவும் நெருக்கமானவர்களுக்குள் சொல்லலாம். உங்களைப் பற்றி நீங்களே சொல்லிக்கொண்டால் யாருக்கும் வலிக்காது: ‘ஐ வோன்ட் பீட் அரவுண்ட் த புஷ்.’ மேலதிகாரி புரியாமல் எழுதினால், ‘ஜஸ்ட் டு பி க்ளியர், டு யூ வாண்ட் மீ டு...’ என்று ஆரம்பித்து, நீங்கள் புரிந்துகொண்டதைச் சொல்லிச் சரிதானா என்று கேளுங்கள். பழி உங்கள் மேல் இருப்பதுபோல் இருக்கும், பதில் உடனே வரும்.

தொடரின் பிறப்பு வேட்டையில். புதரைத் தடியால் தட்டிப் பறவைகளைக் கிளப்புவது ஒரு கூட்டம், பிடிப்பது வேறு கூட்டம். சிலர் புதரைத் தட்டுகிறார்கள், சிலர் பறவையைப் பிடிக்கிறார்கள் என்று 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே வருகிறது. பிரிட்டனில் ‘அபவுட் த புஷ்’, அமெரிக்காவில் ‘அரவுண்ட் த புஷ்’, இரண்டும் சரி. ‘பீட்டிங் த புஷ்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், அது வேறு. புதரைச் சுற்றி அடிப்பதற்குத் தமிழில் இணை, தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது.

இதில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். புதரைத் தட்டாமல் பறவை எழும்பாது. சித்தியிடம் கடன் கேட்கப் போகிறவர் வாசலிலேயே தொகையைச் சொல்வாரா? ‘சாப்பிட்டாச்சா, முட்டி வலி எப்படி இருக்கு’ என்று கேட்டு, தேநீர் குடித்து, அப்புறம்தான். சித்திக்கும் அது தெரியும். அதை மழுப்பல் என்று நான் சொல்ல மாட்டேன், அது மரியாதை. ஆங்கிலத்திலும் வானிலை பற்றி இரண்டு வரி பேசாமல் எந்த ஆங்கிலேயரும் காரியத்துக்கு வருவதில்லை.

அப்படியென்றால் தமிழில் வெட்டிப் பேசுவது நல்லதா, கெட்டதா? ஔவையார் வேண்டாம் என்கிறாரே?

‘வெட்டெனப் பேசேல்’ என்று ஆத்திசூடி. அப்புறம் பாரதி வந்து புதிய ஆத்திசூடியில் ‘நேர்படப் பேசு’ என்றார், அதோடு விடாமல் ‘வெடிப்புறப் பேசு’ என்றும் சொன்னார். டாக்சி ஐயாவின் தீர்ப்பு: ‘பாட்டி சொன்னது வீட்டுக்கு, பாரதி சொன்னது வீதிக்கு.’ தமிழாசிரியர்கள் ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.

‘கட் டு த சேஸ்’?

ஹாலிவுட் தந்தது. மௌனப்படக் காலத்தில் படம் துரத்தல் காட்சியில்தான் சூடுபிடிக்கும். அதற்கு நேராக வெட்டிப் போ என்பது திரைக்கதைக் குறிப்பு. 1920களில் அந்தத் தொழிலில் புழங்கி, பிற்பாடு எல்லார் வாய்க்கும் வந்தது. பொருள்: முன்கதையை விடு, முக்கியமானதுக்கு வா. ‘டு’ இல்லாமல் ‘கட் த சேஸ்’ என்றால் துரத்துவதையே நிறுத்து என்று ஆகிவிடும். இதில் கடுமை இல்லை, அவசரம் மட்டும்தான். கூட்டத்தில் மணி ஆறாகும்போது உதவும்.

‘புல் நோ பஞ்சஸ்’, ‘ஸ்ட்ரெய்ட் ஃப்ரம் த ஷோல்டர்’, ‘நோ ஹோல்ட்ஸ் பார்ட்’ எல்லாம் ஒன்றுதானா?

மூன்றும் சண்டைக்களத்திலிருந்து வந்தவை. முதல் இரண்டும் குத்துச்சண்டை: குத்து விழும் நேரத்தில் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளாதது, தோளிலிருந்து நேராக விடுவது. மூன்றாவது மல்யுத்தம், எந்தப் பிடியும் போடலாம், தடை இல்லை. விமர்சனம், பேட்டி, விவாதம் இவற்றைப் பற்றிப் பேசும்போது பொருந்தும். வாடிக்கையாளருக்கு எழுதும் கடிதத்தில் வேண்டாம்.

தெளிவாகச் சொல்வதற்கும் கடுமையாகச் சொல்வதற்கும் தனித்தனித் தொடர்கள் உண்டா?

உண்டு. கலந்துவிடுவதால்தான் வம்பு. ‘மேக் இட் க்ளியர்’, ‘இன் ப்ளெய்ன் இங்கிலிஷ்’, ‘கெட் டு த பாயிண்ட்’ இவையெல்லாம் தெளிவைப் பற்றியவை. ‘இன் நோ அன்சர்ட்டன் டெர்ம்ஸ்’ வந்தால் எச்சரிக்கையோ மறுப்போ பின்னால் வருகிறது என்று அர்த்தம். கறாராகச் சொல்லியாயிற்று.

நடுவில் ஒரு கண்ணிவெடி இருக்கிறது: ‘ஸ்பெல் இட் அவுட்’. எழுத்துக் கூட்டிச் சொல்வது. ‘குட் யூ ஸ்பெல் இட் அவுட் ஃபார் மீ?’ என்று நீங்கள் கேட்டால் பணிவு. ‘டு ஐ ஹாவ் டு ஸ்பெல் இட் அவுட்?’ என்று ஒருவரிடம் கேட்டால், ‘ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லணுமா?’ என்று மூக்குடைப்பது. தாதியாக இருக்கும் தங்கை சொன்னாள்: மருந்து வேளையை நோயாளிக்கு விளக்கிவிட்டு, நல்லெண்ணத்தோடு ‘ஐ ஹாவ் டு ஸ்பெல் இட் அவுட் ஃபார் யூ’ என்றாளாம். அந்தப் பாட்டி அன்று முழுக்கப் பேசவில்லை.

‘ஃபிராங்க்’, ‘கேண்டிட்’, இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

மயிரிழைதான். ‘ஃபிராங்க்’, பிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தாரின் பெயரிலிருந்து வந்தது. அவர்கள் ஆண்ட நாட்டில் முழுச் சுதந்திரம் அவர்களுக்குத்தான் இருந்தது, அதனால் ‘தடையில்லாத’ என்ற பொருள் ஏறியது. ‘கேண்டிட்’, வெள்ளை என்ற லத்தீன் சொல்லிலிருந்து. ரோமில் தேர்தலுக்கு நின்றவர்கள் வெளுத்த ஆடை உடுத்தினார்கள், வேட்பாளரைக் குறிக்கும் ‘கேண்டிடேட்’ அங்கிருந்துதான் வந்தது. நமக்கும் வெள்ளை மனசு என்று ஒன்று இருக்கிறதே. ‘ஃபிராங்க்’ என்றால் துணிந்து சொல்வது, ‘கேண்டிட்’ என்றால் ஒளிக்காமல் சொல்வது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

‘வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்’ மரியாதைச் சொல்தானே?

பெயரளவில். ‘சொல்றேனேன்னு தப்பா நினைக்காதீங்க’ என்று நம் அத்தைமார் ஆரம்பித்தால் என்ன வரும் என்று நமக்குத் தெரியாதா?

சிங்லிஷில் (சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலத்தில்) இதெல்லாம் தேவையே இல்லையே?

உண்மைதான். ‘கேன்’, ‘கெனாட்’ என்ற இரண்டு சொல்லில் இந்த ஊர் பாதி வியாபாரத்தை முடித்துவிடும். கோப்பிக்கடையில் ‘கோப்பி ஓ கொசொங்’ என்றால் பால் இல்லை, சீனி இல்லை, தயவுசெய்தும் இல்லை, யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கூடவே ஒரு ‘லா’ சேர்த்தால் ‘கெனாட்’ கூட இளகிவிடும். பிரதமராக இருந்த திரு கோ சோக் டோங் 2000இல் நல்ல ஆங்கிலம் பேசுவோம் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். வெளியூர்க்காரருக்கும் புரியும்படி பேச வேண்டும் என்பது அதன் அடிப்படை, அது நியாயம். ஆனால் நேர்ப்பேச்சு விஷயத்தில் சிங்லிஷிடம் பாடம் எடுத்துக்கொள்ள ஆங்கிலத்துக்கே கொஞ்சம் இருக்கிறது என்பேன்.

பக்கத்து வீட்டு மொழிகளையும் சொல்லிவிடுகிறேன். மலாயில் ‘தெருஸ் தெராங்’. முதல் சொல் நேர், இரண்டாவது வெளிச்சம். நம் வெட்டவெளிச்சம் நினைவுக்கு வருகிறது. சீனர்கள், கதவைத் திறந்ததும் எதிரே மலை என்பார்கள், ‘காய் மென் ஜியென் ஷான்’. எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வருவது. நான்கு மொழித் தொடர்களில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த மலைதான்.

அலுவலகத்தில் எழுதும்போது இத்தகைய தொடர்களைச் சேர்த்தால் மதிப்புக் கூடுமா?

கூடாது. 1979 பிப்ரவரியில் பிரதமர் லீ குவான் இயூ அமைச்சர்களையும் மூத்த அதிகாரிகளையும் கூட்டிவைத்து, எளிமையாக, தெளிவாக எழுதுவது பற்றியே ஓர் உரை நிகழ்த்தினார். அப்போதைய துணைப் பிரதமர் டாக்டர் கோ கெங் சுவீ, திறமை இருந்தும் எழுத்தில் தெளிவில்லாத அதிகாரிகளுக்கு எர்னஸ்ட் கவர்ஸ் எழுதிய எளிய நடைக் கையேட்டைக் கொடுப்பார் என்று அதில் குறிப்பிட்டார். பிரிட்டிஷ் நிதித்துறை தன் அதிகாரிகளுக்காக எழுதச் சொல்லி, 1948இல் முதல் வடிவில் வெளிவந்தது அது. எது வேண்டுமென்று முதல் வரியில், எப்போதைக்குள் என்று இரண்டாம் வரியில், ஏன் என்பது அதற்குப் பின். நான் கடிதம் எழுதுவது இப்படித்தான். புதருக்கோ குத்துச்சண்டைக்கோ அதில் இடமில்லை. பேச்சில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மகன் தொடக்கநிலை ஆறு. கட்டுரையில் எழுத இருபது தொடர் கேட்கிறான்.

ஒன்று போதும், சரியான இடத்தில்.

மேல்மாடி வீட்டிலிருந்து எங்கள் குளியலறைக் கூரையில் தண்ணீர் சொட்டுகிறது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. சண்டை வராமல், ஆனால் கறாராக எப்படி எழுதுவது?

வகுப்பில் இதற்குத்தான் அதிக நேரம் செலவழித்தோம். கேட்டவர் கொண்டுவந்த நகலில் ‘வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்’ இருந்தது, ‘வீ வோன்ட் மின்ஸ் அவர் வேர்ட்ஸ்’ இருந்தது, மூன்றாவது பத்தி வரை தண்ணீர் வரவில்லை. எல்லாவற்றையும் அடித்தோம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இப்படிக் கசிந்தால் பழுதுபார்க்கும் பொறுப்பு மேல்வீட்டாருக்கும் கீழ்வீட்டாருக்கும் சேர்த்துத்தான். அதனால் ‘உங்கள் தவறு’ என்று ஆரம்பிக்கவே இடமில்லை. மிஞ்சியது இவ்வளவுதான்:

‘ஹலோ, நான் உங்களுக்கு நேர் கீழ் வீடு. எங்கள் குளியலறைக் கூரையில் திங்கட்கிழமையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. படம் இணைத்திருக்கிறேன். இந்த வாரம் ஒருநாள் மாலை இருவரும் சேர்ந்து பார்க்க முடியுமா? வியாழன் அல்லது சனி எனக்கு வசதி. பழுதுபார்ப்புச் செலவைப் பகிர்ந்துகொள்வது பற்றியும் பேசலாம்.’

எளிய ஆங்கிலத்தில் ஆறே வரி. கூரைப் படம் மட்டும் கொஞ்சம் மங்கலாக இருந்தது, விளக்கைப் போட்டு மறுபடி எடுக்கச் சொன்னேன். மேல்வீட்டுக்காரர் பதினொரு நிமிடத்தில் பதில் போட்டார்: ‘சனி கேன்.’